குழந்தைக் கொலை வழக்கு: முதல் 90 நாளில் நீதிமன்றத்தில் நடப்பது என்ன, மக்கள் கோபம் எங்கே தடம் மாறுகிறது

ஒரு குழந்தை கொல்லப்படுகிறது. இரண்டொரு நாளில் ஒருவரைக் கைது செய்திருப்பதாக போலீஸ் அறிவிக்கிறது. அன்று இரவே அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிறார்கள், பல சமயம் மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே. மறுநாள் காலையில் செய்தி வருகிறது: "கைதானவருக்கு 15 நாள் நீதிமன்றக் காவல்." அதைப் படித்த கையோடு ஆயிரக்கணக்கானோர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பச்சைக் குழந்தையைக் கொன்றவனுக்கு வெறும் 15 நாளா?

அந்த வேதனையில் பொய் இல்லை. ஆனால் அந்த 15 நாள் தண்டனையும் அல்ல, சலுகையும் அல்ல. கைதானவரை நீதிமன்றம் அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதற்கான கெடு, அவ்வளவுதான். கெடு முடிந்ததும் இன்னொரு 15 நாள், பிறகு இன்னொன்று என்று காவல் நீண்டுகொண்டே போகும். தொடக்க வாரங்களில் "இவர் செய்தாரா?" என்ற கேள்வியை நீதிமன்றம் தொடுவதே இல்லை. "புலனாய்வு முடியும்வரை இவரை எங்கே வைப்பது?" என்பது ஒன்றுதான் அதன் முன் இருக்கும் கேள்வி. இந்த இரண்டையும் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கோபம் தவறான நாளில், தவறான ஆள்மீது இறங்குகிறது. தொடக்கத்தில் நடக்கும் பிழைகள் பல ஆண்டு கழித்து அதே வழக்கையே சாய்த்துவிடும் என்பதால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 302. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 103.

ரிமாண்ட் என்றால் என்ன

கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியே ஆக வேண்டும். அரசியல் சாசனத்தின் 22வது பிரிவே அப்படிச் சொல்கிறது. மாஜிஸ்திரேட் அப்போது பார்ப்பவை சில: முதல் தகவல் அறிக்கை, கைதுக் குறிப்பு, உடலில் காயம் இருக்கிறதா, குடும்பத்துக்குத் தகவல் போனதா, வழக்கறிஞர் இருக்கிறாரா, எதற்காகக் கைது என்று அவரிடம் சொன்னார்களா. கடைசியில் சொன்னது வெறும் சடங்கு அல்ல. கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்காவிட்டால் அந்தக் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பரபரப்பில் அந்த ஒரு தாளைக் கொடுக்க மறந்த காவல் அதிகாரி, குற்றவாளி வெளியே வரும் வாசலைத் தன் கையாலேயே திறந்துவைக்கிறார்.

இவற்றைப் பார்த்துவிட்டு அவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் போடும் உத்தரவுதான் ரிமாண்ட். அந்தக் காவல் இரண்டு வகை. நீதிமன்றக் காவல் என்றால் சிறை. போலீஸ் காவல் என்றால் விசாரிப்பதற்காகக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்வது. போலீஸ் காவல் மொத்தமே 15 நாள்தான். முன்பு அது முதல் 15 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். புதிய சட்டத்தில் அதைத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம், கொலை போன்ற வழக்கில் முதல் 60 நாளுக்குள். ஆகவே முதல் நாளில் போலீஸ் காவல் கேட்கவில்லை என்றால் போலீஸ் வழக்கைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம் அல்ல. தடயவியல் அறிக்கை வந்த பிறகு, கேட்க வேண்டிய கேள்விகள் கையில் இருக்கும்போது காவலில் எடுப்பதே பல சமயம் புத்திசாலித்தனம்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற வரி

தொடக்கச் செய்திகளில் மக்களை அதிகம் தவறாக வழிநடத்தும் வரி இதுதான். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகளில் இருந்த இந்த விதி இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23வது பிரிவில் இருக்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. அவர் சொன்னதை வைத்துப் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கிணற்றில் வீசிய கத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பொருளை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும் வாசகம் மட்டும் ஏற்கப்படும். "இங்கேதான் போட்டேன்" நிற்கும். "இதனால்தான் கொன்றேன்" நிற்காது. ஒப்புதல் சாட்சியமாக வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் முன்னிலையில், "நீங்கள் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொன்னால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படலாம்" என்று எச்சரித்த பிறகு, தன் விருப்பத்தோடு கொடுத்ததாக அது பதிவாக வேண்டும்.

சட்டம் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறது என்பதற்கு 2017 செப்டம்பரில் குருகிராமில் நடந்ததைப் பார்த்தால் போதும். ஒரு பள்ளியின் கழிப்பறையில் 7 வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டுக் கொல்லப்பட்டான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநரைக் கைது செய்தது ஹரியானா போலீஸ். அவர் ஒப்புக்கொண்டதாக அறிவித்தது. கேமராக்களின் முன்னாலும் அவர் அப்படியே பேசினார். நாடு முழுக்கப் பெற்றோர்கள் கொதித்தார்கள். பள்ளிக்கு அருகிலிருந்த மதுக்கடைக்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளூர் வழக்கறிஞர்கள் அவருக்காக ஆஜராக மாட்டோம் என்றார்கள். பார்த்தவர் எவருக்கும் சந்தேகமே எழாத வழக்கு அது. கொல்லப்பட்ட சிறுவனின் குடும்பம்தான் போலீஸின் முடிவை ஏற்காமல் சிபிஐ விசாரணை கேட்டது. நவம்பரில் சிபிஐ அதே பள்ளியின் 11ஆம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பிடித்தது. நடத்துநர் இரண்டரை மாதம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. பின்னாளில், அவரைப் பொய்யாகச் சிக்கவைத்ததாக நான்கு காவல்துறையினர் மீதே சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

முக்கியமான அந்தத் தொடக்க நாள்களில் தடயம் தேட வேண்டிய கண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. தப்பான ஆளைப் பிடித்தால் அநீதி இரண்டு பேருக்கு. சிறையில் இருப்பவருக்கு ஒன்று, செத்துப்போன பிள்ளைக்கு இன்னொன்று.

முகத்தை ஏன் மூடிக் கூட்டி வருகிறார்கள்

"கொலைகாரன் முகத்தைக் காட்டு" என்ற கூச்சல் நீதிமன்ற வாசல்களில் வழக்கமாகக் கேட்பது. முகத்தை மூடுவது அவரது மானத்தைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: அடையாள அணிவகுப்பு. குழந்தையோடு அவரைக் கடைசியாகப் பார்த்த ஒரு சாட்சி இருக்கலாம், முன்பின் அறியாத ஆளாகப் பார்த்தவர். சிறைக்குள், மாஜிஸ்திரேட் முன்னிலையில், தோற்றத்தில் ஒத்த பலரை வரிசையாக நிறுத்தி, அதில் அவரைச் சாட்சி அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு முன்பே அந்த முகம் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஓடிவிட்டால், "நீங்கள் அவரைச் சம்பவ இடத்தில் பார்த்தீர்களா, செய்தியில் பார்த்தீர்களா?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் ஒற்றைக் கேள்வி போதும், அந்தச் சாட்சியம் அங்கேயே உதிர்ந்துவிடும். படத்தைப் பகிர்ந்தவர்கள் எல்லோருமே அந்த உதிர்வுக்குக் கைகொடுத்தவர்கள்தான், தெரியாமலேயே.

கைபேசிப் பதிவுகளுக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டு வாசல் கேமராவில் அந்த நாளின் காட்சி இருந்தால் அதைக் குழுக்களில் அனுப்பாதீர்கள். கருவியை அப்படியே வைத்து போலீஸுக்குத் தகவல் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். பெரும்பாலான பதிவுக் கருவிகள் சில வாரங்களில் பழைய காட்சியின் மேலேயே புதியதை எழுதிவிடும். மின்னணுச் சாட்சியத்துக்குச் சாக்ஷிய அதினியத்தின் 63வது பிரிவின் கீழ் சான்றிதழ் வேண்டும்: எந்தக் கருவி, யார் பொறுப்பில் இருந்தது, எப்படி நகலெடுத்தார்கள், அதன் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) என்ன. பல கைகள் மாறி, நசுங்கி, தெளிவு போய் வந்த ஒரு துண்டு வீடியோவுக்கு இப்படிச் சான்றளிக்க ஒருவராலும் முடியாது.

கைதானவரின் வீட்டை அடித்து நொறுக்குவதும் தீ வைப்பதும் இதே வகைதான். ரத்தக்கறை படிந்த சட்டை, குழந்தையின் ஒரு கொலுசு, கைபேசி, இவை கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடமே அந்த வீடு. கூட்டம் புகுந்த பிறகு எதைக் கைப்பற்றினாலும், "யாரோ கொண்டுவந்து போட்டது" என்று வாதிட வழி கிடைக்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து சேகரிப்பதைப் புதிய சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசமும் தந்திருக்கிறது. நிபுணர் வரும்வரை கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நிற்பது அந்தக் குழந்தைக்கு ஊர் செய்யக்கூடிய பெரிய உதவி.

கைதானவருக்கு எதற்கு வக்கீல்?

குழந்தைக் கொலை வழக்கில் ஒருவர் வக்காலத்துப் போட்டால் அந்த வழக்கறிஞர்மீதே காறி உமிழ்கிறார்கள். சில இடங்களில் வழக்கறிஞர் சங்கங்களே "எங்களில் யாரும் ஆஜராக மாட்டோம்" என்று தீர்மானம் போடுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தீர்மானங்கள் அரசியல் சாசனத்துக்கும் தொழில் அறத்துக்கும் எதிரானவை, சட்டப்படி செல்லாதவை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரைக் கொடுத்தாக வேண்டும்.

இதை மனிதநேயக் கருணையாக மட்டும் பார்க்க வேண்டாம். தண்டனை நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்தான் இதில் முதல் ஆளாக அக்கறை கொள்ள வேண்டும். சென்னையை அடுத்த பகுதியில் 2017இல் நடந்த ஒரு சிறுமி கொலை வழக்கில் செங்கல்பட்டு மகிளா நீதிமன்றம் ஏறக்குறைய ஓராண்டிலேயே, 2018 பிப்ரவரியில், தூக்குத் தண்டனை கொடுத்தது. அந்த வேகத்தை எல்லோரும் பாராட்டினார்கள். உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க அரசுத் தரப்பு தவறிவிட்டது என்பதோடு, குற்றச்சாட்டு வனைந்தபோது, அதாவது எந்தக் குற்றங்களுக்காக விசாரணை என்று நீதிமன்றம் முறைப்படி பதிவு செய்தபோது, அவருக்கு வழக்கறிஞரே இல்லை, வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்றும் அது குறிப்பிட்டது. எட்டு ஆண்டு கழித்து அந்தப் பெற்றோர் கையில் என்ன மிஞ்சியது என்று எண்ணிப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஒரு வழக்கறிஞரை நியமித்து, அவருக்கு ஆவணங்களைப் படிக்க நேரமும் கொடுத்திருந்தால் அந்த ஒரு குறையாவது இல்லாமல் போயிருக்கும்.

நீதிமன்ற வளாகத்திலேயே கைதானவர்களை அடித்த சம்பவங்களும் உண்டு. 2007 ஜனவரியில், நொய்டாவின் நிதாரியில் பல குழந்தைகள் கொல்லப்பட்ட வழக்கில் கைதான இருவரும் காசியாபாத் நீதிமன்றத்தில் தாக்கப்பட்டார்கள். அடித்தவர்களில் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அதே வழக்கில், புலனாய்வு ஓட்டை உடைசலாக இருந்தது என்று சொல்லி அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை 2023இல் விடுவித்தது. 2025இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2018இல் சென்னையில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமை வழக்கில் கைதான 17 பேரும் இப்படித்தான் மகிளா நீதிமன்றத்தில் அடி வாங்கினார்கள். அடித்தவர்களின் கோபம் அன்று மாலைக்குள் தணிந்திருக்கும். வழக்குக்கு அதனால் ஒரு சாட்சியமும் கூடவில்லை. "என் கட்சிக்காரருக்கு இந்த ஊரில் நியாயம் கிடைக்காது, வழக்கை வேறிடத்துக்கு மாற்றுங்கள்" என்று மனுப் போட எதிர்த்தரப்புக்குக் காரணம் ஒன்று கிடைத்ததுதான் மிச்சம். மாற்றினால் அலையப்போவது குழந்தையின் பெற்றோரும் சாட்சிகளும். மறுபுறம், மாற்றம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கே தேவைப்படுவதும் உண்டு. 2018 ஏப்ரலில், ஜம்முவின் கத்துவாவில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவந்த போலீஸாரை வழக்கறிஞர்களே மறித்தார்கள். உச்ச நீதிமன்றம் விசாரணையைப் பதான்கோட்டுக்கு மாற்றியது. அங்கே 2019 ஜூனில் ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

என்கவுன்டரைக் கேட்டுக் குரல் எழுப்புகிறவர்கள் கோவையை மறந்துவிடக் கூடாது. 2010 அக்டோபரில் பள்ளிக்குக் கிளம்பிய அக்காளும் தம்பியும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். கைதான இருவரில் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, ஊரில் பட்டாசு வெடித்தார்கள். இன்னொருவருடைய வழக்கு முறைப்படி நடந்தது. சாட்சியம் ஒவ்வொன்றாக ஏறியது. தூக்குத் தண்டனையை 2019இல் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. யார் என்ன செய்தார்கள் என்பது நீதிமன்றத்தில் நிறுவப்பட்டு, ஆவணமாக நிற்பது அந்த இரண்டாவது ஆளின் வழக்கில்தான்.

ஜாமீன், 90வது நாள், குண்டர் சட்டம்

"ஜாமீன் மனு தாக்கல்" என்ற செய்திக்கே கொந்தளிக்க வேண்டியதில்லை. மனுப் போடுவது எவருக்கும் உள்ள உரிமை. தூக்கோ ஆயுளோ தண்டனையாக உள்ள குற்றத்தில் மாஜிஸ்திரேட்டால் பொதுவாக ஜாமீன் கொடுக்க முடியாது. மனு தள்ளுபடியாகி செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போகும். அங்கே பார்ப்பது ஓடிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, தடயத்தைக் கலைப்பாரா, குற்றம் எவ்வளவு கொடியது என்பவை. ஜாமீன் மறுத்தால் குற்றம் நிரூபணமானதாகவும் கொடுத்தால் குற்றமற்றவர் என்று நீதிபதி சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இங்கே பேச இடம் உண்டு. எல்லாக் கட்டத்திலும், ஜாமீன் விசாரணை உட்பட, பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குடும்பம் தன் வழக்கறிஞர் மூலம் குறுக்கீட்டு மனுப் போட்டு எதிர்க்கலாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய ஜாமீன் வேறொன்று. கொலை வழக்கில் ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். ஆகாவிட்டால், கைதானவர் கேட்டால் ஜாமீன் கொடுத்தே தீர வேண்டும். குற்றம் எவ்வளவு கொடூரமானது என்பது அங்கே பேச்சே இல்லை. நீதிபதிக்கு மறுக்கும் அதிகாரமும் இல்லை. 90 நாளை எண்ணும்போது ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஒரு நாள் கணக்குப் பிசகினாலும் கதவு திறந்துகொள்ளும். இந்தக் கதவு திறப்பது பெரும்பாலும் தடயவியல் அறிக்கைக்காகக் காத்திருந்தோ, விசாரணை அதிகாரி இடமாற்றத்திலோதான். அறிக்கை வராவிட்டாலும் இருக்கும் சாட்சியத்தை வைத்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, பின்னர் கூடுதல் அறிக்கை சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அதனால், முதல் வாரத்தில் சாலை மறியல் செய்த ஊர், 80வது நாளில் "குற்றப்பத்திரிகை எங்கே?" என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டால் அது பத்து மறியலுக்குச் சமம். ஆனால் அந்த நேரத்துக்குள் எல்லோரும் வேறு செய்திக்குப் போய்விட்டிருப்பார்கள். இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது, ஏனென்றால் அந்த நாளில் குடும்பம் பெரும்பாலும் தனியாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பம் உண்டு. "குண்டாஸ் போட்டாச்சு" என்றதும் மக்கள் அமைதியாகிவிடுகிறார்கள். 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம் தடுப்புக் காவலுக்கானது. ஒருவர் இனிமேல் என்ன செய்யக்கூடும் என்ற அடிப்படையில் ஆட்சியரோ காவல் ஆணையரோ போடும் உத்தரவு அது. அதிகபட்சம் 12 மாதம். அறிவுரைக் குழு பரிசீலிக்கும், உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம், ஆவண நகல் தெளிவாக இல்லை, கோரிக்கை மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்பன போன்ற காரணங்களால் இந்த உத்தரவுகள் அடிக்கடி ரத்தாகின்றன. இது கொலை வழக்கின் தண்டனை அல்ல, அந்த வழக்கின் 90 நாள் கடிகாரத்தையும் இது நிறுத்தாது. குண்டர் சட்டத்தில் உள்ளே இருக்கிறார் என்ற தைரியத்தில் குற்றப்பத்திரிகையை ஆறப்போட்டால், தடுப்புக் காவல் ரத்தாகும் அன்று அவர் இரண்டிலிருந்தும் வெளியே வந்துவிடக்கூடும்.

வயதும் மனநிலையும்

கைதானவருக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடிய குற்றத்தில் 16 முதல் 18 வயதுள்ளவரைக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். செய்த காரியத்தின் விளைவு அவருக்குப் புரிந்ததா என்பதைப் பார்த்து, வயது வந்தவரைப் போல விசாரிக்க அனுப்பலாம். வயதைப் பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அவை இல்லாவிட்டால் மருத்துவப் பரிசோதனை கொண்டு முடிவு செய்வார்கள். கத்துவா வழக்கில் சிறார் என்று சொன்ன ஒருவர் சம்பவத்தின்போது வயது வந்தவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதாவது வயது வாதம் தானாக வென்றுவிடுவதில்லை. "மனநிலை சரியில்லை" என்பதும் அப்படியே. விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இப்போது இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி, குற்றம் நடந்த நொடியில் என்ன செய்கிறோம் என்று அறியாதிருந்தாரா என்பது வேறு கேள்வி. முதலாவதற்காக மருத்துவமனைக்கு அனுப்புவதை விடுதலை என்று எண்ணிவிடாதீர்கள்.

குழந்தையின் பெயர், படம்

இதில் தவறு செய்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனம் படைத்தவர்கள். "இவளுக்கு நீதி வேண்டும்" என்று பெயரும் படமும் பள்ளிச் சீருடையுமாகப் பகிர்கிறார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியவைக்கும் வேறெந்த விவரத்தையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவு தடை செய்கிறது. 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. பாலியல் குற்றமும் சேர்ந்திருந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23வது பிரிவும் வரும். குழந்தை இறந்துவிட்டதால் தடை நீங்கிவிடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு கத்துவாச் சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அந்த வீட்டில் அதே பள்ளிக்குப் போக வேண்டிய இன்னொரு குழந்தை இருக்கக்கூடும்.

முதல் தகவல் அறிக்கை இணையத்தில் இல்லை என்றதும் மறைக்கிறார்கள் என்று சொல்வதும் இதையொட்டியே. 24 மணி நேரத்தில் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவிலேயே போக்சோ போன்ற வழக்குகளுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அது குடும்பத்தின் உரிமை.

குடும்பமும் ஊரும் என்ன கேட்கலாம்

உடலை வாங்க மறுத்துப் போராடுவது நம்மூரில் வழக்கம். பிரேதப் பரிசோதனையில் சந்தேகம் இருந்தால், அடக்கமோ தகனமோ செய்வதற்கு முன்பே, மறு பரிசோதனை கேட்டு உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். நாள் போகப் போக உடல் சொல்லும் சேதி குறையும். சந்தேகம் இல்லை என்றால், உடலை வாங்காமல் இருப்பதால் வழக்கு எந்த வகையிலும் வலுப்படாது.

புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவர் தரப்புக்கோ 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். குடும்பம் வழக்கறிஞர் வைத்திருந்தால் குற்றப்பத்திரிகையும் ஆவணங்களும் அவர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும், கைதானவர் ஆஜரான 14 நாளுக்குள். இதற்காகவே தொடக்கத்திலேயே ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள். முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். இழப்பீட்டு மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். சாட்சிக்கு மிரட்டல் வந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

சாட்சிகள் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுக்காமல் இருப்பது நல்லது. மூன்று அலைவரிசைகளில் மூன்று விதமாகச் சொன்ன நேரம், நிறம், தூரம் எல்லாம் குறுக்கு விசாரணையில் திரும்பி வரும். பதற்றத்தில் உண்மையானவரும் முன்னுக்குப் பின் பேசுவார். எழுத்திலும் ஒளிப்பதிவிலும் அது முரண்பாடாக மட்டுமே தெரியும்.

வழக்கைத் தொடர விரும்புகிறவர்கள் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். போக்சோ வழக்கு என்றால் விசாரணை மூடிய அறையில் நடக்கும், வெளியாருக்கு அனுமதி இல்லை.

தொடக்கக் கட்டம் முடியும் நாள்

குற்றப்பத்திரிகை வந்த பிறகு, பாலியல் குற்றம் சேர்ந்திருந்தால் போக்சோ சிறப்பு நீதிமன்றம் நேரடியாக வழக்கை எடுக்கும். கொலை மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் அதை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பார், இதற்கு 90 நாள், காரணம் எழுதினால் 180 நாள் வரை. இந்த இடைவெளியில் வரும் வாய்தாக்களைப் பார்த்து வழக்கு கிடப்பில் போய்விட்டதென்று எண்ண வேண்டாம், நகல் கொடுப்பதும் கோப்பு நகர்வதும்தான் நடக்கும். அங்கே கைதானவர் தன்னை விடுவிக்கக் கேட்டு மனுப் போடலாம். போதிய ஆதாரம் இருக்கிறது என்று நீதிபதி கருதினால் குற்றச்சாட்டு வனைவார். வாசித்துக் காட்டி, "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்.

பெரும்பாலும் பதில், "நான் குற்றவாளி இல்லை. வழக்கை நடத்துகிறேன்." மறுநாள் செய்தித் தலைப்பில் இது திமிராகத் தெரியும், மக்கள் கொதிப்பார்கள். ஆனால் இந்த வாக்கியம்தான் அரசுத் தரப்பை நிரூபிக்க வைக்கிறது. குழந்தைக்கு எதிரான குற்றங்களில் தண்டனைப் பேரத்துக்கு இடமே இல்லை. அதனால் மருத்துவர், தடயவியல் அதிகாரி, கடைசியாகப் பார்த்தவர், பொருள் கைப்பற்றியபோது உடனிருந்து கையெழுத்திட்ட மகஜர் சாட்சி என்று ஒவ்வொருவரும் வந்து சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டு நீதிபதி முதல் சாட்சிக்குச் சம்மன் அனுப்பச் சொல்லித் தேதி போடுவார். குழந்தையைக் கொன்றது யார் என்ற கேள்வி நீதிமன்றத்தில் முதன்முதலாகக் கேட்கப்படுவது அந்தத் தேதியில்தான்.